ஆணை இல்லாத நிறுத்தம்: பெங்களூரில் ஒரு முதியோர் பென்ஷன் மேல்முறையீடு

பெங்களூரில் பூக்கட்டிப் பிழைத்த ஒரு முதிய பெண்ணுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த 1,200 ரூபாய் முதியோர் பென்ஷன் 2022 பிப்ரவரியில் நின்றது. அது மறுபடி அவருடைய கணக்கில் விழுந்தது 2025 ஜனவரியில். இடையில் கழிந்த 35 மாதங்களில், நிலுவையில் உள்ள மேல்முறையீடு என்று அரசுப் பதிவேட்டில் ஏறியவை 16 மாதங்கள் மட்டுமே. மீதி 19 மாதங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு ஆணை வேண்டும், அந்த ஆணையைத் தேடியே முதல் 13 மாதங்கள் போயின. மேல்முறையீட்டில் வென்ற பிறகு பணம் வந்து சேர மேலும் 6 மாதங்கள் ஆயின. நலத்திட்ட மேல்முறையீடுகளில் தேக்கம் என்று நாம் பேசும்போது நடுவிலுள்ள பகுதியை மட்டும் அளந்துவிட்டு, இரு முனைகளையும் அளக்காமல் விடுகிறோம் என்பதே இந்த ஆய்வில் நான் சொல்ல வந்தது.

நான் சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டத்தில் தன்னார்வலராக, மனு எழுதிக் கொடுப்பதும் கூடப் போவதுமாகச் சில ஆண்டுகள் வேலை செய்தவன். ஸ்ரீராமபுரம், ஒக்கலிபுரம், அல்சூர், விவேக் நகர் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில் கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத முதியவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்துத் தாளைப் படித்துச் சொல்வதே பெரிய உதவி. இந்த அம்மா அப்படி வந்தவர். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் அலுவலகங்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

மனுதாரரும் அவருடைய வயதும்

தருமபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருமணமாகி வந்தவர். கணவர் கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். இவர் அதே மார்க்கெட்டில் பூ வாங்கி வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து சரம் கட்டி விற்றார். கணவர் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை, பிறப்புப் பதிவும் இல்லை. வயதைக் கேட்டால், "அண்ணா செத்த வருஷம் எனக்குப் பதினேழு" என்பார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. அந்தக் கணக்குப்படி இவர் பிறந்தது 1952ஐ ஒட்டி. வாக்காளர் அடையாள அட்டையிலும் அதே கணக்குதான் இருந்தது. அதையும் அரசு மருத்துவர் தந்த வயதுச் சான்றையும் பார்த்துத்தான், 65 வயது நிறைந்தவர்களுக்கான சந்தியா சுரக்ஷா திட்டத்தில் 2017இல் இவருக்குப் பென்ஷன் அனுமதிக்கப்பட்டது. கர்நாடக அரசு 2007இல் தொடங்கிய திட்டம் அது. மாதத் தொகை 2021இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது.

ஆதார் அட்டை வேறு கணக்குச் சொன்னது. வீட்டருகே பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் பதிவு செய்தபோது, கணினியின் முன் இருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வயதைச் சொல்லியிருக்கிறார், இவரும் தலையாட்டியிருக்கிறார். அட்டையில் வந்த பிறந்த தேதி 1959 ஜனவரி 1. ஆவணம் இல்லாதவர்களுக்கு ஆண்டை உத்தேசமாக எழுதி, ஜனவரி முதல் தேதியைப் போடுவது அப்போது பரவலாக நடந்தது. எங்கள் பகுதியில் ஜனவரி முதல் தேதி பிறந்த பாட்டிகளைத் தெருவுக்குப் பத்துப் பேர் காட்ட முடியும். இந்த ஏழு வருட வித்தியாசம் பத்தாண்டுகள் யாருக்கும் தெரியாமல் அட்டையில் கிடந்தது. பென்ஷன் பட்டியலை ஆதாரோடு ஒப்பிட்ட நாளில், 2022இல் இவருக்கு வயது 63 என்று கணினி கண்டது. தகுதியில்லாதவர் என்று பெயர் நீங்கியது.

சமூகப் பாதுகாப்புப் பென்ஷன்களில் மத்திய அரசின் பங்கு சொற்பம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ், 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500. மிச்சத்தை மாநிலங்கள் தங்கள் கருவூலத்திலிருந்து போட வேண்டியிருக்கிறது. அதனால் பட்டியலைச் சுத்தம் செய்வது நிதித் துறைக்கு இனிக்கும் வேலை. போலிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நீக்கும் வேகத்துக்கும் தவறாக நீக்கியதைத் திருத்தும் வேகத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கணக்கில் வராத பதின்மூன்று மாதங்கள்

பணம் நின்றது என்று யாரும் இவரிடம் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதங்கள், தாமதமாக வரும் என்று தபால் அலுவலகத்துக்கு நடந்தார். ஏப்ரலில்தான் ஏதோ கோளாறு என்று புரிந்தது. மே மாதம் 'நாட கச்சேரி' எனப்படும் உள்ளூர் வருவாய்த் துறை அலுவலகத்தில், கணினித் திரையில் கன்னடத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துச் சொன்னார்கள்: வயது 65க்குக் குறைவு. "ஆதாரைத் திருத்திக்கொண்டு வாருங்கள் அஜ்ஜி" என்றார்கள். சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆதார் மையத்திலோ, பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற முடியும், அதற்கும் பிறப்புச் சான்று போன்ற ஆவணம் வேண்டும் என்றார்கள். ஆவணம் இல்லாததால்தான் தேதி தவறாகப் பதிவானது; அதைத் திருத்தவும் அதே ஆவணத்தைக் கேட்டார்கள். இந்தச் சுற்றில் இரண்டு மாதம் போயிற்று.

ஜூலையில் தாசில்தாருக்கு மனு கொடுத்தோம். முத்திரை குத்திய நகல் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. செப்டம்பரில் நடந்த பென்ஷன் அதாலத்தில் (குறைதீர்ப்பு முகாமில்) வரிசையில் நின்று இன்னொரு மனு கொடுத்தார். அதுவும் பழைய மனுவோடு சேர்க்கப்பட்டது என்று தெரிந்தது. மேல்முறையீட்டைத் தாசில்தாருக்கு மேலுள்ள வருவாய்த் துறை அதிகாரியான உதவி ஆணையரிடம் செய்ய வேண்டும். அங்கே விசாரித்தபோது எழுத்தர் கேட்ட முதல் கேள்வி: "ஆர்டர் காப்பி எங்கே?" எந்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறோமோ அதன் நகல் இல்லாமல் மனுவைப் பதிவு செய்ய முடியாது. அவர் சொன்னது விதிப்படி சரி. ஆனால் இங்கே ஆணையே இல்லை. ஒரு மனிதரின் மாத வருமானத்தை நிறுத்திய முடிவுக்குத் தேதியும் இல்லை, கையொப்பமும் இல்லை, காரணம் சொல்லும் ஒரு பத்தியும் இல்லை.

அந்த நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நிறுத்திய ஆணையின் நகலைக் கேட்டோம். நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஈ) சொல்கிறது. கேட்காமலே தந்திருக்க வேண்டிய தாள் அது. 30 நாட்களில் பதில் வரவில்லை. டிசம்பரில் அதே சட்டத்தின் கீழ் முதல் மேல்முறையீடு செய்தோம். 2023 பிப்ரவரியில் வந்த பதில், ஒரு பட்டியலின் கணினி அச்சு. இவர் பெயரை அதில் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. பெயரில் ழகரம் உண்டு; இன்றைய கன்னட எழுத்தில் அந்த ஒலிக்கு இடமில்லாததால் வாக்காளர் அட்டையில் ளகரமாகவும், பட்டியலில் லகரமாகவும் வந்திருந்தது. பெயருக்கு எதிரே காரணக் கட்டத்தில் இரண்டே சொற்கள்: வயது குறைவு.

அந்தத் தாளையே ஆணையாகக் கருதும்படி வேண்டி 2023 மார்ச்சில் மேல்முறையீட்டைப் பதிவு செய்தோம். அப்போதும் ஒரு தடை வந்தது. பணம் நின்று ஓராண்டு கடந்துவிட்டதால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனு வேண்டும் என்றார்கள். வரம்புச் சட்டம் 1963இன் 5ஆம் பிரிவை மேற்கோள் காட்டி அதையும் எழுதினேன். ஆணையைக் கொடுக்காததால் உண்டான தாமதத்துக்கு, ஆணையைக் கேட்டு அலைந்தவர் மன்னிப்புக் கேட்கும் மனு அது. பல மனுக்கள் எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போதுதான் கை தயங்கியது.

கணினி ஒப்பீட்டால் பெயர் நீங்கி, பிறகு வீடுவீடாகப் போய்ப் பார்க்க வேண்டியதாகிவிட்ட நிலை இந்த நாட்டில் புதிதல்ல. தெலங்கானாவில் 2016ஐ ஒட்டி ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளைக் களத்தில் நேரில் சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த உத்தரவு வந்தபோது, இங்கே இந்த அம்மா தபால் அலுவலகப் படியில் நின்றுகொண்டிருந்தார்.

பதிவேட்டில் ஏறிய பதினாறு மாதங்கள்

2023 மார்ச் முதல் 2024 ஜூலை வரை ஐந்து தேதிகள் நடந்தன. முதல் தேதி ஜூலையில்தான் விழுந்தது. மார்ச் 29 அன்று சட்டமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டு மே 10 அன்று வாக்குப்பதிவு நடந்தது. வருவாய்த் துறை அதிகாரிகள் அந்த மாதங்களில் தேர்தல் பணியைத் தவிர வேறெதையும் தொட முடியாது. ஜூலைத் தேதியில் தாசில்தார் அலுவலகத்துக் கோப்பு வந்து சேரவில்லை. குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமித் திட்டப் பதிவு தொடங்கிய மாதம் அது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பதிவு மையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, பழைய கோப்பைத் தேடி எடுக்க ஆள் இல்லை என்றார்கள். செப்டம்பரில் அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். டிசம்பரில் தாசில்தாரின் அறிக்கை வந்தது: ஆதார்படி வயது குறைவு, ஆகவே நிறுத்தம் சரி. 2024 பிப்ரவரியில் எங்கள் தரப்பைக் கேட்டு, ஆணைக்கு ஒத்திவைத்தார்கள். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆணை ஜூலையில் கைக்கு வந்தது.

இந்த நாட்களில் அந்த அலுவலகத்தின் நடைக்கூடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததை எழுதுவது அவசியம். தேக்கத்தின் காரணம் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. உதவி ஆணையர் என்பவர் பென்ஷனுக்கு மட்டும் உட்கார்ந்திருப்பவர் அல்லர். கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964இன் கீழ் பட்டா மாற்றத்தை எதிர்த்து வரும் மேல்முறையீடுகள் அவரிடம் வருகின்றன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு அளித்த நிலம் கைமாறுவதைத் தடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழக்குகளும் அவரிடமே. பெங்களூரைச் சுற்றி நில மதிப்பு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்பது ஊரறிந்தது. அந்தக் கோப்புகளுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞர்கள் நிற்கிறார்கள். தேதி தவறினால் அவர்கள் கேட்பார்கள், உயர் நீதிமன்றத்துக்குப் போவார்கள். பென்ஷன் கோப்புக்குப் பின்னால் நிற்பவர் நாற்காலி கிடைக்காத ஒரு பாட்டி. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் நில வழக்குகள் முதலிலும், பென்ஷன் மனுக்கள் கடைசியிலும் இருந்தன. மாலை ஆனதும் கடைசியில் உள்ளவை அடுத்த தேதிக்குப் போயின. இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. கேட்பார் உள்ள கோப்பு நகரும், கேட்பார் இல்லாதது கிடக்கும்.

அதே அதிகாரிதான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் கீழ் தீர்ப்பாயத்துக்கும் தலைமை ஏற்கிறார். பிள்ளைகள் சோறு போடவில்லை என்று ஒரு தாய் அங்கே மனு கொடுத்தால், 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், காரணம் இருந்தால் ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடு எல்லா மனுவிலும் காப்பாற்றப்படுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தக் கோப்புகளை எழுத்தர்கள் தனியே அடுக்கி, நாள் எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். மகன் நிறுத்திய பணத்துக்குக் கெடு உண்டு. அரசு நிறுத்திய பணத்துக்கு அந்த மேசையில் யாரும் நாள் எண்ணவில்லை.

இந்தக் காலத்தில் ஒரு நல்லதும் நடந்தது. 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றானதால், தேதிக்குத் தேதி பேருந்துக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிருஹலட்சுமிப் பணமும் பின்னர் வந்தது. பென்ஷன் வாங்குபவருக்கு அது கிடையாது என்று விதி இல்லை. அப்படியும் ஒரு விசாரணை நாளில், "அஜ்ஜிக்குத்தான் 2,000 வருகிறதே" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பணத்தை அரசு அனுப்பியது இதே ஆதார் எண்ணுக்குத்தான் என்பதையும், நின்றுபோனது வேறு பணம் என்பதையும் எழுத்தில் கொடுத்தோம்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு, குறித்த வாரங்களுக்குள் மேல்முறையீட்டை முடிக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம் என்று அவரிடம் சொன்னேன். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. ஆகவே செலவு அவருக்கு இல்லை. அவர் மறுத்தார். "ஹைகோர்ட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு அதே ஆபீசுல போய்த்தானே தம்பி நான் நிக்கணும்?" என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை: "பணம் போனாப் போகுது. நான் பொய் வயசு சொல்லி வாங்கினேன்னு எழுதி வச்சிருக்காங்களே, அதை அழிச்சுக் குடு."

கேள்வியைத் தாண்டி நின்ற தாமதம்

வழக்கின் மையக் கேள்வி, 2022இல் இவருக்கு 65 வயது ஆகிவிட்டதா என்பது. 2024 ஜனவரி 1 அன்று, ஆதாரின் கணக்குப்படியே இவருக்கு 65 நிறைந்துவிட்டது. அன்று முதல், அரசின் சொந்தக் கணக்கிலும் இவர் தகுதியானவர். மேல்முறையீடு அப்போதும் நிலுவையில் இருந்தது. புதிதாக விண்ணப்பம் போடலாம் என்று பிப்ரவரியில் முயன்றோம். இவருடைய ஆதார் எண் ஏற்கெனவே நிறுத்தப்பட்ட ஒரு பயனாளியோடு இணைந்திருப்பதால் மென்பொருள் ஏற்கவில்லை. மேல்முறையீடு முடியட்டும் என்றார்கள். தன் உரிமைக்காகப் போட்ட மேல்முறையீடே உரிமையைத் தடுத்தது. வரவேண்டிய நாள் வந்தும், அதன் பிறகு ஓராண்டு இவருக்குப் பணம் இல்லை.

இங்கே என் தவறையும் எழுதியாக வேண்டும். ஆதாரின் வயதையே ஒப்புக்கொண்டாலும், 2022இல் இவர் 63 வயதான விதவை. ஆதரவற்ற விதவையருக்கான பென்ஷன் மாதம் 800 ரூபாய் இவருக்குக் கிடைத்திருக்கும். சந்தியா சுரக்ஷாவிலிருந்து நீக்கும்போதே அலுவலகம் அந்தத் திட்டத்துக்கு மாற்றியிருக்கலாம், செய்யவில்லை. ஆனால் முதல் மனுவிலேயே நான் மாற்று வேண்டுகோளாக அதைக் கேட்டிருக்க வேண்டும். வயதை நிரூபிப்பதிலேயே என் கவனம் முழுதும் இருந்தது. அந்த வழி ஓராண்டு கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. 2022 பிப்ரவரி முதல் 2023 டிசம்பர் வரை 23 மாதங்கள், மாதம் 800 என்றால் 18,400 ரூபாய். இந்த வேலையில் இருக்கும் மற்றவர்கள் என்னைப் போலத் தவறவிடாமல் முதல் தாளிலேயே இதைக் கேட்க வேண்டும்.

உதவி ஆணையரின் ஆணை நல்ல ஆணை. முன்னறிவிப்புத் தராமலும் மனுதாரரைக் கேட்காமலும் பென்ஷனை நிறுத்தியது செல்லாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் பணத்தை வழங்கச் சொல்லவில்லை. வயதை விசாரித்து 60 நாட்களுக்குள் முடிவெடுக்கும்படி தாசில்தாருக்கே திருப்பி அனுப்பியது. மேல்முறையீட்டுப் பதிவேட்டில் அன்றே இது 'விலேவாரி', அதாவது தீர்ந்த கோப்பு, ஆகிவிட்டது; தேக்கத்தின் கணக்கில் ஒன்று குறைந்தது. மனுதாரரோ இரண்டு ஆண்டு முன்பு நின்ற அதே மேசைக்குத் திரும்பினார். திருப்பி அனுப்பிய கோப்பைத் தீர்ந்த கோப்பாக எண்ணும் வழக்கம் இருக்கும் வரை, நிலுவை எண்ணிக்கை குறைவதை வைத்து யாரும் மகிழ்வதற்கில்லை.

வயதை விசாரிப்பது எப்படி என்பதில் அடுத்த சிக்கல் வந்தது. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்வது வளரும் பருவத்தினருக்குப் பயன்படும். 65க்கும் 72க்கும் உள்ள வேறுபாட்டை எலும்பு சொல்லாது. மருத்துவர் அதை நேர்மையாகச் சொல்லி, எழுபதை ஒட்டியவர் என்று தோற்றத்தை வைத்து எழுதித் தந்தார். எங்களிடம் இருந்தவை வாக்காளர் அடையாள அட்டையும், 2017இல் இதே அலுவலகம் ஏற்ற மருத்துவச் சான்றும், மூத்த மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழும். மகள் பிறந்தது 1972 என்று அதில் இருக்கிறது. ஆதார்படி தாய் பிறந்தது 1959 என்றால் பதின்மூன்று வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை விசாரணை அதிகாரி இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கோப்பில் குறித்துக்கொண்டார். இதே சான்றிதழ் 2022 ஜூலை மனுவோடும் இருந்தது. அப்போது யாரும் புரட்டவில்லை.

2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் அட்டை அடையாளத்துக்கு உதவுமே தவிர பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்றும், பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை ஏற்கலாம் என்றும் சொன்னது. ஆதாரை வழங்கும் ஆணையமும் அதையே முன்பிருந்து சொல்லிவருகிறது. அந்தத் தீர்ப்பின் சாரத்தைக் கன்னடத்தில் எழுதி நவம்பரில் கொடுத்தோம். டிசம்பரில் பென்ஷன் மீட்கப்பட்டது. 2025 ஜனவரியில் முதல் பணம் வந்தது. 60 நாள் என்று ஆணையில் இருந்த கெடு, ஐந்து மாதமாக நீண்டிருந்தது.

தாமதத்தின் விலை

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்வி, தாமதம் யார் தலையில் விழுகிறது என்பது. கர்நாடகத்தில் 2012 முதல் நடைமுறையில் உள்ள சகால சட்டம், குறித்த நாளுக்குள் சேவை தராவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும் என்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்ட சட்டம். விண்ணப்பத்துக்கு எண் கொடுத்து நாள் எண்ண வைத்தது பெரிய மாற்றம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் 25ஆம் நாளில் உச்சவரம்பு வந்துவிடுகிறது. 26ஆம் நாளுக்கும் 900ஆம் நாளுக்கும் வேறுபாடு இல்லை. அதுவும் புது விண்ணப்பத்துக்கு. நிறுத்திய பென்ஷனைத் திரும்பக் கேட்ட எங்கள் மனுவுக்குச் சகால எண்ணே கிடைக்கவில்லை.

சம்பளக்காரர்களின் நிலை வேறு. 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், எல்லா ஆவணமும் சரியாக உள்ள கோரிக்கையை 20 நாட்களில் தீர்க்க வேண்டும், காரணமின்றித் தாமதித்தால் அதற்குப் பொறுப்பான ஆணையரின் சம்பளத்திலிருந்து 12 விழுக்காடு வட்டி பிடிக்கலாம் என்று விதி எழுதப்பட்டது. அரசு ஊழியரின் ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. பூக்கட்டியவரின் 1,200 ரூபாய்க்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை, பொறுப்பான பெயரும் இல்லை. அது உரிமையா, உதவியா என்ற கேள்விக்கே நம் அலுவலகங்கள் இன்னும் விடை சொல்லவில்லை; 'உதவி' என்று நினைப்பதால்தான் நிறுத்துவதற்கு ஆணை தேவையில்லை என்று தோன்றுகிறது.

இந்த வழக்கில் ஒரே ஒரு தாள் முதலில் வந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும். "உங்கள் ஆதாரில் பிறந்த ஆண்டு 1959 என்று உள்ளது; அதனால் பென்ஷனை நிறுத்த எண்ணியுள்ளோம்; மறுப்பு இருந்தால் 15 நாளில் வரவும்" என்று ஜனவரி 2022இல் ஒரு கடிதம் போயிருந்தால், மகளின் பள்ளிச் சான்றிதழோடு அவர் போயிருப்பார்; ஒரு பகல் வேலையில் முடிந்திருக்கும். மேல்முறையீடே வந்திருக்காது. தேக்கத்தைக் குறைக்கக் கூடுதல் அதிகாரி, கூடுதல் விசாரணை நாள், பென்ஷன் மனுக்களுக்கென்று வாரத்தில் ஒரு காலை நேரம் எல்லாம் வேண்டும்தான். ஆனால் மேல்முறையீட்டு மேசைக்கு வந்து குவிவதில் எவ்வளவு பகுதி கடிதம் போடாததால் வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்பேன். விசாரணை முடியும் வரை பணத்தை நிறுத்தாமல் கொடுப்பது அடுத்தது. தவறான ஒருவருக்கு ஆறு மாதம் போனால் அரசுக்கு இழப்பு 7,200 ரூபாய். சரியான ஒருவருக்கு ஆறு மாதம் நின்றால் மருந்துக் கடையில் கடன். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். காத்திருப்பைக் கணக்கிடும் முறையும் மாற வேண்டும்: மனு பதிவான நாளிலிருந்து ஆணை வரை எண்ணாமல், பணம் நின்ற மாதத்திலிருந்து பணம் வந்த மாதம் வரை எண்ண வேண்டும். அந்த இரண்டு தேதிகளும் மாநிலக் கருவூலத்தின் கஜானே மென்பொருளில் ஏற்கெனவே இருக்கின்றன.

நிலுவைத் தொகை

டிசம்பர் ஆணை, பென்ஷனை இனிமேலுக்கு மீட்கிறது. நின்ற 35 மாதங்களுக்கான 42,000 ரூபாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிறுத்தமே செல்லாது என்று மேல்முறையீட்டு ஆணை சொன்ன பிறகு, அந்த மாதங்களின் பணம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாசில்தாரிடம் கேட்டபோது, பின்தேதியிட்டு வழங்க மென்பொருளில் வழி இல்லை, மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். 2025 மார்ச்சில் மறுபடி மேல்முறையீடு செய்தோம். இந்த முறை ஆணையின் நகல் கையில் இருந்ததால் அன்றே பதிவாயிற்று. விதவைப் பென்ஷன் தொகையை மாற்று வேண்டுகோளாக முதல் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறேன்.

இதை எழுதும் வரை இரண்டு தேதிகள் ஆகியிருக்கின்றன. முதல் தேதியில் கோப்பு வரவில்லை; இரண்டாவதில் கோப்பு வந்தது, 2022ஆம் ஆண்டுப் பட்டியலின் மூலப் பிரதி அதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எங்களுக்கு வந்த அச்சுத் தாளை அடுத்த தேதியில் தாக்கல் செய்கிறோம். அந்த அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் வயது இப்போது அந்த அலுவலகத்துக் கோப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு முறை தனக்குப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.